வென்டிலேட்டரை வாங்கிவிட்டோம், இயக்க ஆள்?

2020இல் பி.எம். கேர்ஸ் நிதியில் 50,000 வென்டிலேட்டர்கள் வாங்க முடிவானது. அவற்றை இயக்கப் பயிற்சி பெற்றவர்கள் எத்தனை பேர் என்ற கேள்விக்கு அந்த அளவு கவனம் கிடைக்கவில்லை. ஆனால் உயிர் நிற்பது அங்கேதான். கடும் நுரையீரல் பாதிப்புள்ள 861 பேரிடம் நடந்து 2000இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஒவ்வொரு மூச்சிலும் செலுத்தும் காற்றைக் குறைத்ததும் இறப்பு ஏறத்தாழ 40 சதவீதத்திலிருந்து 31 ஆக இறங்கியது. புது மருந்தில்லை, புது இயந்திரமில்லை. அந்த அளவை உயரத்தை வைத்துக் கணக்கிட வேண்டும். 160 செ.மீ. உயரமும் 90 கிலோ எடையும் உள்ள ஆணுக்கு 340 மி.லி. போதும், உடல் எடையை வைத்துப் போட்டால் 540 ஆகிவிடும். உடல் பருத்தாலும் நுரையீரல் பெரிதாவதில்லையே!

இதற்கென்றே படித்த சுவாச சிகிச்சையாளர் தனியாக எதற்கு, டாக்டரும் நர்ஸும் பார்த்துக்கொள்ள மாட்டார்களா என்கிறார்கள் சிலர். பார்க்கிறார்கள், திறமையாகவே. ஆனால் மருந்து, ட்ரிப், உறவினர்களுக்குப் பதில் என ஓடும் நர்ஸ், அலாரம் அடிக்கும்போதெல்லாம் திரையின் அலைக்கோட்டை நின்று படிக்க முடியாது. தனி ஆள் வைத்தால் சம்பளச் செலவு என்பதும் நியாயமான கவலைதான். ஆனால் வென்டிலேட்டரிலிருந்து ஒருநாள் முன்னதாக நோயாளியை விடுவித்தாலே ஐசியூ செலவு எவ்வளவோ குறையும். 2021இன் தேசிய துணை மருத்துவ, சுகாதாரத் தொழில்முறையாளர் ஆணையச் சட்டம் சுவாச சிகிச்சைப் படிப்புக்கு அங்கீகாரம் தந்திருக்கிறது. இனி கல்லூரிகள் மாணவர்களை வகுப்பறையை விட ஐசியூவில் அதிக நேரம், மூத்தவர் மேற்பார்வையில் நிறுத்த வேண்டும். அரசு மாவட்ட மருத்துவமனைகளில், படித்து முடித்தவர்களுக்கு நிரந்தரப் பணியிடங்களை உருவாக்க வேண்டும்.