எருமைக்கு வயிறு சரியில்லை

போன வாரம் நியூ ஜெர்சியிலிருந்து என் பழைய மாணவன் ஒருவன் வீடியோவில் கூப்பிட்டான். "சார், எருமை ஒரே புகையா விடுது" என்றான். பக்கத்தில் இருந்த என் வீட்டுக்காரம்மா, "அங்க போய் மாடு வாங்கிட்டானா?" என்று கேட்டாள்.

அவன் சொன்னது 1970களின் சுசுகி ஜிடி 750 பைக். மூன்று சிலிண்டர், 738 சிசி, தண்ணீரால் குளிரும் டூ ஸ்ட்ரோக் எஞ்சின். அதனால் அமெரிக்காவில் அதற்கு நீர் எருமை என்றே பட்டப்பெயர். பனிக்காலம் முழுக்க ஷெட்டில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்ததும் தெருவே தெரியவில்லையாம். யாரோ ஒருவர், "ரீசைக்கிள் குழாய்களைப் பிடுங்கிவிட்டு ஓட்டைகளை அடைத்துவிடு" என்று சொல்லியிருக்கிறார். செய்யலாமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். காரணத்தை எழுதச் சொன்னான், எழுதுகிறேன்.

என் எஸ்டி வண்டிக்குப் பெட்ரோல் பங்கிலேயே ஆயில் கலந்து ஊற்றுவார்கள். இந்த சுசுகியில் ஆயிலுக்குத் தனி டேங்க், தனி பம்ப். பம்ப் அனுப்பும் ஆயில் பேரிங்கையும் சிலிண்டரையும் நனைத்துவிட்டு, மீதி க்ராங்க்கேஸின் அடியில் தேங்கும். தேங்கியது மொத்தமாக எரிந்தால் புகை. அதற்குத்தான் எஸ்.ஆர்.ஐ.எஸ். என்ற ஏற்பாடு. க்ராங்க்கேஸ் அடியில் ஒருவழி வால்வு, அதிலிருந்து ஒரு சின்ன ரப்பர் குழாய் இன்னொரு சிலிண்டரின் டிரான்ஸ்பர் போர்ட்டுக்குப் போகும். பிஸ்டன் கீழே வரும்போது அதன் அடியில் அழுத்தம், மேலே போகும்போது உறிஞ்சல். மூன்று பிஸ்டன்களும் ஒரே நேரத்தில் ஏறி இறங்குவதில்லை. ஒன்று தள்ளும்போது இன்னொன்று இழுக்கும், தேங்கிய ஆயில் கொஞ்சம் கொஞ்சமாகப் போய் எரிந்துவிடும். இதற்கென்று தனி மோட்டார்கூட கிடையாது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

ஐம்பது வருஷத்தில் அந்த ரப்பர் கல்லாகிவிடும். விரிசல் விட்டால் ஆயில் கசிவது சின்ன விஷயம். வால்வு இருப்பது ஆயில் கிளம்பும் முனையில், வாங்கும் முனை திறந்தே இருக்கிறது. ஆகவே அந்த சிலிண்டர் விரிசல் வழியாக வெளிக்காற்றை இழுக்கும். காற்று கூடி பெட்ரோல் குறைந்தால் பிஸ்டன் சூடேறி இறுகும். நெடுஞ்சாலையில் இறுகினால் பின் சக்கரம் பூட்டிக்கொள்ளும். அவனுக்கு இரண்டு பிள்ளைகள். புகையை விட எனக்குக் கவலை அதுதான்.

தம்பி, முதலில் ஒன்றைப் பார்த்துக்கொள். வண்டியை நிறுத்தும்போது ஆயில் டேங்கில் ஒரு கோடு போடு. ஓட்டாமலேயே மட்டம் இறங்கினால், டேங்க் ஆயில் பம்ப் வழியாகக் கசிந்து உள்ளே இறங்குகிறது. அப்படியானால் குற்றம் ஆயில் வரும் பாதையில் உள்ள வால்வுகளில், அவற்றைச் சரிசெய்யாமல் ரீசைக்கிள் குழாயைக் குறை சொல்லக் கூடாது. க்ராங்க்கேஸில் ஆயில் நிறைந்திருக்கும்போது கிக்கரையும் பலமாக உதைக்காதே. முதலில் வடித்துவிடு.

அடுத்து, எந்தக் குழாய் எந்த சிலிண்டருக்குப் போகிறது என்று கழற்றும் முன்பே போட்டோ எடுத்துக்கொள். வால்வைக் கழற்றி கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்துக் கழுவு. உள்ளே கம்பி விட்டுக் குத்தாதே, குண்டு உட்காரும் இடம் கீறிவிடும். சுத்தமாகக் காய்ந்த பிறகு மெல்லிய குழாய் வைத்துக் காற்றை ஊது. ஒரு பக்கம் போக வேண்டும், மறுபக்கம் அடைக்க வேண்டும். இரண்டு பக்கமும் போனாலும், எந்தப் பக்கமும் போகாவிட்டாலும் வேறு வால்வு வாங்கு. குழாய் பெட்ரோலையும் ஆயிலையும் தாங்கும் ரகமாக இருக்கட்டும், மீன்தொட்டிக் குழாய் ஆகாது. கிளிப்பும் புதிதாகப் போடு.

பம்ப் குழாய்களில் கை வைத்திருந்தால் காற்றுக் குமிழி முழுவதும் வெளியேறும் வரை ஆயில் விடு. முதல் ஓட்டத்துக்கு மட்டும் பெட்ரோலிலும் கொஞ்சம் 2டி ஆயில் கலந்துகொள். முதல் பத்து நிமிஷம் புகை வரத்தான் செய்யும், பக்கத்து வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடு.