லூட்டின் கப்பலின் மணி

பி.காம் படிக்கிறவனுக்குப் போர்க்கப்பலோடு என்ன வேலை என்று கேட்காதீர்கள். இருக்கிறது.

இன்ஷூரன்ஸ் பேப்பரில் 'சப்ரோகேஷன்' என்று ஒன்று வரும். நஷ்டஈட்டை முழுசாகக் கொடுத்த பிறகு, அந்தப் பொருளின் மேல் இருக்கும் உரிமை நஷ்டஈடு கொடுத்தவருக்குப் போய்விடும். இதை உருப்போட்டு அலுத்துப்போய், நல்ல உதாரணம் ஒன்று தேடியபோது மாட்டியதுதான் லூட்டின்.

1779-ல் பிரான்சின் தூலோன் துறைமுகத்தில் கடலில் இறக்கப்பட்ட பாய்மரப் போர்க்கப்பல் இது. 32 பீரங்கிகள். பிரெஞ்சுப் புரட்சி நடந்த சமயம், 1793-ல், அங்கிருந்த மன்னர் கட்சிக்காரர்கள் தூலோனை ஆங்கிலேயர்களிடம் ஒப்படைத்தார்கள். லூட்டினும் கைமாறியது. யாரோடு சண்டை போடக் கட்டினார்களோ அவர்கள் கொடியே அதில் ஏறியது! பிறகு வட கடலில் அவர்களுக்காக உழைத்தது.

1799-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் பெரிய பண நெருக்கடி. வியாபார நிறுவனங்கள் வரிசையாகத் திவால். அங்கே அனுப்ப லண்டன்காரர்கள் தங்கமும் வெள்ளியும் திரட்டினார்கள். அதை ஏற்றிக்கொண்டு அக்டோபர் 9 அன்று லூட்டின் இங்கிலாந்தின் யார்மத்திலிருந்து கிளம்பியது. அன்று இரவே புயல். காற்றும் நீரோட்டமும் கப்பலை நெதர்லாந்துக் கரைப் பக்கம் தள்ளிக்கொண்டு போய், விலீலாண்ட், டெர்ஸ்கெல்லிங் தீவுகளுக்கு நடுவே மணல்திட்டில் மோதவிட்டன. கப்பலில் சுமார் 240 பேர். பிழைத்தவர் ஒருவர்தான் என்கிறார்கள்.

சரக்குக்கு இன்ஷூரன்ஸ் கொடுத்திருந்த லாய்ட்ஸ்காரர்கள் பணத்தை முழுசாகக் கட்டினார்கள். சப்ரோகேஷன்படி தங்கம் இனி அவர்களுடையது. ஆனால் நெதர்லாந்து அப்போது பிரிட்டனின் எதிரிப் பக்கம். 'எங்கள் கடலில் மூழ்கியது எங்களுக்கு' என்று உரிமை கொண்டாடியது. 1823-ல்தான் ஒரு பங்கு லாய்ட்ஸுக்குத் திரும்பியது. கொஞ்சம் தங்கம் கிடைத்தது. பெரும்பகுதியை மணல் விழுங்கிவிட்டது.

1858-ல் கப்பலின் மணியை வெளியே எடுத்தார்கள். அதை லண்டன் லாய்ட்ஸ் கூடத்தில் மாட்டினார்கள். கெடு தாண்டியும் வராத கப்பல் மூழ்கியது உறுதியானால் மணி ஒருமுறை ஒலிக்கும். பத்திரமாக வந்துவிட்டால் இரண்டு முறை. செய்தி ஒருத்தர் காதில் மட்டும் முதலில் விழுந்தால் அவர் அதை வைத்துக் காசு பார்த்துவிடுவார் இல்லையா? கூடத்தில் இருக்கும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தெரியவேண்டும் என்பதற்குத்தான் மணி. கப்பல் மூழ்கியதற்காகக் கடைசியாக ஒலித்தது 1979-ல். தாமதமான கப்பல் வந்துசேர்ந்ததற்காகக் கடைசியாக ஒலித்தது 1989-ல்.

இதைப் படித்தபோது எனக்கு மாமா ஞாபகம்தான் வந்தது. சரக்குக் கப்பலில் வேலை. ஒருமுறை சொன்ன தேதிக்கு அவரிடமிருந்து போன் வரவில்லை. அத்தை நாலு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. யார் வீட்டு போன் அடித்தாலும் திடுக்கிடுவார். ஐந்தாம் நாள் ராத்திரி மாமா கூப்பிட்டார். துறைமுகத்தில் இடம் கிடைக்காமல் கப்பல் வெளியே நின்றிருந்ததாம். அத்தை போனை வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் அடுப்பைப் பற்றவைத்தார்.

எங்கள் வீட்டில் மணி இரண்டு முறை ஒலித்தது அன்றைக்குத்தான்.

லாய்ட்ஸ்காரர்கள் நாணயமானவர்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர்கள் ஈடு கட்டியது தங்கத்துக்கு. லூட்டினில் போனவர்கள் வீடுகளில் எத்தனை அத்தைகள் காத்திருந்தார்களோ?

அடுத்த பரீட்சையில் சப்ரோகேஷன் வந்தால் லூட்டினைத்தான் எழுதப்போகிறேன். தங்கத்தோடு அந்த 240 பேரையும் சேர்த்து எழுதுவேன். அதற்கு மார்க் கிடையாது என்று தெரியும். பரவாயில்லை.