அந்நியப் பாட்டு

1835இல் கலாபகஸ் தீவுகளில் சேகரித்த சிறு குருவிகளுள் பலவற்றை எந்தத் தீவில் எடுத்தோம் என்றுகூட டார்வின் சரியாகக் குறித்து வைக்கவில்லை. அவற்றை வகை பிரித்துக் காட்டியவர் லண்டனிலிருந்த ஜான் கூல்ட். புதிய உயிரினம் உருவாவதைக் காண ஒரு மனித ஆயுள் போதாது என்பதே டார்வினின் எண்ணம். பள்ளிப்பாடமும் எங்களுக்கு அதையே சொன்னது.

அந்த எண்ணத்தை அசைத்தது, ஜொனாதன் வைனர் எழுதி 1994இல் வெளிவந்த 'தி பீக் ஆஃப் தி ஃபிஞ்ச்'. எங்கள் வாசிப்புக் குழுவில் அதிகம் சச்சரவு கிளப்பிய நூல் அதுதான். பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதியர் 1973 முதல் டாஃப்னி மேஜர் என்னும் ஆளற்ற எரிமலைத் தீவில் குருவிகளைப் பிடித்து, காலில் வளையமிட்டு, அலகை அளந்துவந்தனர். 1977இல் மழை பொய்த்தது. சிறு விதைகள் தீர்ந்தன. எஞ்சியவற்றுள் முக்கியமானது நெருஞ்சி வகைச் செடியொன்றின் முள்விதை. (நம் ஊர் நெருஞ்சியின் நெருங்கிய உறவு அது என அறிந்ததும், பசிபிக் தீவு சட்டென்று பக்கத்து வரப்புக்கு வந்துவிட்டது.) நடுத்தர நிலக்குருவிகளில் 100க்கு 85 அளவில் மடிந்தன. அவ்விதையை உடைக்க வல்ல பெரிய அலகுடையவையே அதிகம் பிழைத்தன. அடுத்த தலைமுறையின் அலகும் தடித்தது. பரிணாமத்தை ஈழத்துப் பாடநூல்கள் 'கூர்ப்பு' என்கின்றன. அலகுகளைப் பற்றிப் பேசும்போது அதைவிட நல்ல சொல் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

ஆயினும் அலகு தடிப்பது வேறு. புதிய இனம் பிறப்பது வேறு. 1981இல் அத்தீவுக்கு ஓர் அந்நிய ஆண்குருவி வந்தது. உருவில் பெரியது, பாட்டும் வேறு. நூறு கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள எஸ்பான்யோலா தீவின் கள்ளிக்குருவி அது என்பதை 2017இல் வெளியான மரபணு ஆய்வு உறுதிசெய்தது. அது உள்ளூர்ப் பெட்டையோடு இணைந்தது. சந்ததியில் சில, முதலில் உள்ளூர்க் குருவிகளோடு கூடின. பிறகு தமக்குள்ளேயே இணையலாயின. 2003இல் தொடங்கிய வறட்சியின் முடிவில் அவ்வழியில் எஞ்சியவை ஓர் அண்ணனும் தங்கையும் மட்டுமே. அவ்விரண்டிலிருந்தே வமிசம் மீண்டும் பெருகியது.

பிரித்தது எது? அலகும் உருவமும் ஒரு பங்கு, பாட்டு மறுபங்கு. இக்குருவிகளில் மகன் தந்தையிடம் கேட்டே பாடக் கற்கிறான். ஆயுள் முழுதும் அதையே பாடுகிறான். பெட்டையும் பாட்டைக் கேட்டே துணையைத் தேர்கிறாள். இரத்தத்தில் வராத, காதால் மட்டுமே கைமாறும் ஒன்று இனத்துக்கு வேலி கட்டுகிறது! மொழியையும் பாட்டையும் பற்றியே பேசிக்கொண்டிருக்கும் எங்களை இது நெடுநேரம் மௌனமாக்கியது.

அப்போது நண்பர் ஒருவர், "இதுதானே அகமணம்? சாதியும் இயற்கைதான் போலும்" என்றார். ஏளனமாகவே சொன்னார், ஆயினும் அதை மெய்யாகவே சொல்பவர்கள் உண்டு என்பதால் விடை தேட வேண்டியிருந்தது. டாஃப்னியின் பெட்டைக்கு அந்தப் பாட்டு துணையின் பாட்டாகக் கேட்கவில்லை, அவ்வளவே. விருப்பம் பிறந்தபின் குறுக்கே நின்ற காவலர் அங்கே எவருமில்லை. நம்மிடையே விருப்பம் தாராளமாகப் பிறக்கிறது. அதனால்தான் காவலும் அரிவாளும் தேவைப்படுகின்றன. குருவிகளைச் சாட்சிக்கு அழைப்பவர்கள் இந்த வேறுபாட்டைச் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள்.

அந்த வமிசத்துக்குக் கிராண்ட் தம்பதியர் முறையான லத்தீன் பெயர் சூட்டவில்லை. தனி இனமாக நிலைக்குமா, இன்னொரு வறட்சியில் அழியுமா, பழைய குருவிகளோடு மீண்டும் கலந்துவிடுமா என்பது திறந்தே இருக்கிறது. ஆய்வாளர் வழங்கும் பெயர் 'பிக் பேர்ட்'. எங்கள் குழுவில் அதற்கு வந்தேறி என்று பெயர்.