வகுப்பறையில் யோகம்

மலர்க் குழுவினர் கட்டுரையொன்று வேண்டியபோது, கல்வியின் மேன்மை பற்றிப் பொதுவாகச் சில வரைந்து அனுப்பிவிடலாமென்றே எண்ணினோம். ஆயின், யாம் மாணாக்கரிடம் கற்றுக்கொண்ட ஒரு பாடத்தை எழுதுவதே நேர்மையெனப் பின்னர் தோன்றியது.

அது 2010ஆம் ஆண்டு. மன்னார்க் கரையோரப் பாடசாலையொன்றில் ஆறாம் வகுப்பு எம் பொறுப்பில் இருந்தது. போர் ஓய்ந்து ஓராண்டே கழிந்திருந்தது. வன்னியிலிருந்து மீண்ட பிள்ளைகள், மண்டபம் முகாமிலிருந்து கடல் கடந்து வந்த பிள்ளைகள், 1990இல் வடக்கினின்று வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் வாழ்ந்து திரும்பிய முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகள் ஆகிய அனைவரும் ஒரே தகரக் கூரையின்கீழ் இருந்தனர். சோளகக் காற்று அத்தகரத்தைத் தடதடவென அடிக்குந்தோறும் பாதி வகுப்பு மேசைக்கடியிற் பதுங்கும். ஒரு பின்னக் கணக்கை முடிப்பதற்கு ஒரு பாடவேளை போதாது. தொடக்கத்தில் யாம் பிரம்பை நாடினோம் என்பதை மறைப்பதற்கில்லை.

பின்னரே யோகம் நினைவுக்கு வந்தது. திருமந்திரத்தின் மூன்றாந் தந்திரத்தை இளமையிற் கற்றிருந்தோமாதலின், அதனை அப்படியே வகுப்பிற் புகுத்தினோம். கண்ணை மூடுக, ஓம் என உரக்கக் கூறுக, பதினாறு மாத்திரை மூச்சை இழுத்து, அறுபத்து நான்கு அடக்கி, முப்பத்திரண்டில் விடுக. மூன்று கட்டளைகள், மூன்றும் பிழைத்தன.

சங்கு குளிப்போர் வழிவந்த சிறுவர் மூச்சடக்குவதைப் போட்டியாக்கிவிட்டனர். ஒருவன் தலைசுற்றி விழுந்தான். சாதகருக்கு உரைத்த அளவைப் பதினொரு வயதினர்க்கு இட்டது எம் மடமையே.

இன்னொரு சிறுவன் கண்ணை மூட மறுத்தான். அடங்காப் பிள்ளையெனக் கடிந்தோம். மறுநாள் தாயார் வந்து கூறினார்: பதுங்குகுழியில் ஷெல் விழும்போது, "கண்ணை மூடடா" என்று அவனுக்குச் சொன்னார்களாம். அவன் கண்ணைத் திறந்தபோது தமக்கை உயிரோடில்லை. அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை.

மூன்றாவதாக, கத்தோலிக்கத் தந்தையொருவர் கடலிலிருந்து வந்த கையோடு பாடசாலைக்கு வந்தார். "சேர், பிள்ளையளின்ர நன்மைக்குத்தான் செய்யிறியள். எண்டாலும் அது உங்கட கோயில் மந்திரமெல்லோ?" என்றார். எமக்குச் சினம் மூண்டது. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரத்து மண்ணில் ஓங்காரத்துக்குத் தடையா? ஆயின் வீடு சேருமுன்னரே சினம் தணிந்தது. 1848இல் வண்ணார்பண்ணையில் நாவலர் பெருமான் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியது எதற்காக? சைவப் பிள்ளைகள் கல்விக்கு விலையாகப் பிறர் வழிபாட்டை ஏற்கலாகாது என்பதற்கன்றோ? அவ்வழியில் எழுந்த இந்துக் கல்லூரியொன்றிற் பயின்ற யாமே அவ்விலையைப் பிறரிடம் கேட்டுக்கொண்டிருந்தோம்!

வழி காட்டியவை உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் அவர்களின் எழுத்துக்கள். போரால் மனம் வடுப்பட்டோர்க்கு மரபுவழித் தளர்வுப் பயிற்சிகளைக் கற்பித்த அவர், செபிக்கும் சொல்லை அவரவர் சமயத்துக்கே விட்டுவிட்டார். யாமும் அவ்வாறே செய்தோம். மூச்சை அடக்குதல் கைவிடப்பட்டது. இயல்பாக இழுத்து, இழுத்ததிலும் மெதுவாக விடுதல் மட்டுமே எஞ்சியது. மூச்சு வெளியேறுகையில் இதயத் துடிப்புச் சற்றுத் தணிகின்றது; பயனின் பெரும்பகுதி அதிலேதான் உள்ளது. மனத்துள் ஒருவன் சிவசிவ என்பான், ஒருத்தி யேசுவே என்பாள், மற்றொருவன் சுபுஹானல்லாஹ் என்பான், வேண்டாதவர் எண்ணிக்கொள்வர். கண்ணை மூடுவதும் மூடாததும் அவரவர் விருப்பம். இடைவேளையின் பின் ஐந்து நிமிடம், அதற்குமேல் இல்லை.

யாமாகச் சேர்த்தது ஒன்றுண்டு. சிவராத்திரியிற் பாலாவித் தீர்த்தத்தைக் குடத்தில் ஏந்திச் சிந்தாமல் நடந்த இளமை நினைவினால், விளிம்புவரை நீர் நிரப்பிய குவளையோடு வகுப்பைச் சுற்றி நடக்கச் செய்தோம். பேரிரைச்சற்காரரும் அப்போது வாய் திறவார். இது யோகமாவென வினவுவோர் அக்குவளையை ஒருமுறை ஏந்திப் பார்க்கட்டும்.

இதனைச் சர்வரோக நிவாரணியென யாம் கூறோம். 2004 ஆழிப்பேரலையின் பின் வடகிழக்குக் கரையோர முகாமொன்றில் 8 முதல் 14 வயதுவரையான 31 பிள்ளைகளிடம் ஓராய்வு நிகழ்ந்தது, 2008இல் வெளிவந்தது. ஒரு பகுதியினர் தம் துயர்க் கதையை முறையாக எடுத்துரைத்தனர். மறு பகுதியினர் தியானமும் தளர்வும் பயின்றனர். ஆறே அமர்வுகள். ஆறு மாதத்தின் பின் முன்னவரில் 81 வீதத்தினரும் பின்னவரில் 71 வீதத்தினரும் தேறியிருந்தனர். எப்பயிற்சியும் பெறாத குழுவொன்று ஒப்பீட்டுக்கு வைக்கப்படவில்லை. ஆதலின் காலமே ஆற்றிய பங்கு எவ்வளவென்று பிரித்தறிதல் அரிது. 2015 முதல் ஆண்டுதோறும் யூன் 21இல் வெள்ளையுடுத்தி வரிசையில் நிறுத்திப் படம் பிடிக்கும் யோகம் குறித்து எமக்குச் சொல்ல ஏதுமில்லை.

கண் மூட மறுத்த அச்சிறுவன் ஆண்டிறுதி வரையில் மூடவேயில்லை. கதவையே பார்த்தபடி மற்றவரோடு மூச்சு விட்டான். மூன்றாந் தவணைப் பரீட்சையிற் கணிதத்தில் 62 புள்ளி பெற்றான்.