அனாமத்துக் கணக்கு

நான் பி.காம். படித்தவன். எங்கள் குடும்பத்தில் யாருக்குக் கணக்கு இடித்தாலும் எனக்குத்தான் போன் வரும். நான் பத்திரிகைக்காரனாகி இருபது வருஷம் ஆகிவிட்டதை யாரும் பொருட்படுத்துவதில்லை. கல்யாண மொய் நோட்டைக்கூட என் கையில்தான் கொடுப்பார்கள்.

2023 தீபாவளிக்கு நாலு நாள் முன்னதாகவே குளத்தூர் போய்விட்டேன். புதுக்கோட்டை மாவட்டத்தில், கீரனூருக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊர். சித்தப்பா மகன் அங்கே ஒரு லோடு வண்டி வைத்திருக்கிறான். திருச்சியிலிருந்து மளிகையும் மாட்டுத் தீவனமும் ஏற்றி வந்து, சுற்றுப்பட்டுக் கடைகளுக்குப் போடுவான். பைனான்ஸில் எடுத்த வண்டி. மாதம் பிறந்தால் தவணை. ஓட்டுவது உள்ளூர்ப் பையன். இருபத்தைந்து வயசிருக்கும்.

"அண்ணே, மைலேஜ் விழுந்துபோச்சு. பெட்ரோல் எங்கேயோ போகுது. கொஞ்சம் பாருங்களேன்" என்று தம்பி நோட்டை நீட்டினான்.

பார்த்தேன். தினம் 150 கிலோமீட்டர் ஓட்டம். ஆயுத பூஜை வரைக்கும் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுத்திருக்கிறது. பத்து லிட்டரில் வேலை முடிந்திருக்கிறது. பூஜைக்குப் பிறகு லிட்டருக்கு 12. அதாவது பன்னிரண்டரை லிட்டர். நாளுக்கு இரண்டரை லிட்டர் வீதம், பதினாறு நாளில் 40 லிட்டரைக் காணோம். நாலாயிரம் ரூபாய்க்கு மேல்!

டேங்க்கில் ஒழுகல் இல்லை. போகிற வழி மாறவில்லை. சரக்கும் கூடவில்லை. மிச்சம் இருப்பது யார்?

பையனைக் கூப்பிட்டோம். "வண்டி இழுக்கலைண்ணே. லோடோட ஏத்தத்துல போனா உதறுது. மஞ்ச லைட்டு வேற எரியுது. ரெண்டு தடவை சொன்னேனே..." என்றான்.

தம்பி உடனே வண்டியை எடுத்து ஒரு ரவுண்டு போய் வந்தான். காலி வண்டி, சமதளமான ரோடு. உதறல் எதுவும் இல்லை. "அந்த லைட்டு எந்த வண்டியிலதான் எரியலை?" என்றான். நான் நோட்டைத் திருப்பிக் காட்டி, "நம்பர் பொய் சொல்லாதுப்பா" என்றேன்.

பையன் ஒன்றும் பேசவில்லை. சாவியைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போனான். தீபாவளிக்கு மூன்றே நாள். போனஸும் கிடையாது. டீக்கடையில் யாரோ விசாரித்தபோது தம்பி காரணத்தையும் சொல்லிவிட்டான். பக்கத்தில் நின்று தலையாட்டியது நான்தான்.

அதன் பிறகு தம்பியே வண்டி ஓட்டினான். இரண்டாம் நாள் ராத்திரி நோட்டோடு வந்து நின்றான். முகம் சரியில்லை.

"அண்ணே, நான் ஓட்டுனாலும் பன்னெண்டுதான் குடுக்குது. அப்ப நானா திருடுறேன்?"

தீபாவளி கழிந்ததும் வண்டியைக் கீரனூரில் ஒரு பாயிடம் கொண்டுபோனோம். அறுபது வயது மெக்கானிக். நாங்கள் சொன்ன கதையை அவர் பாதிக்கு மேல் கேட்கவில்லை. "பெட்ரோல் வண்டிதானே? உதறுதா?" என்று மட்டும் கேட்டார்.

லோடு வண்டிகளில் பெரும்பாலும் டீசல்தான். டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. காற்றை அழுத்துகிற சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்ளும். பெட்ரோலுக்குப் பொறி வேண்டும். பேட்டரியில் இருப்பதோ 12 வோல்ட். அதைச் சுமார் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் உயர்த்திக் கொடுப்பது இக்னிஷன் காயில். உள்ளே இரண்டு செப்புக் கம்பிச் சுற்றுகள், அவ்வளவுதான். 1831-ல் ஃபாரடே கண்டுபிடித்த மின்தூண்டல்தான் அதன் அடிப்படை. எஞ்சின் நிமிஷத்துக்கு 3,000 சுற்று சுற்றினால், ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு விநாடிக்கு 25 தடவை பொறி விழ வேண்டும்.

பழைய பெட்ரோல் அம்பாஸடரில் நாலு சிலிண்டருக்கும் சேர்த்து ஒரே காயில். அது போனால் கார் நடுரோட்டில் நின்றுவிடும். சந்தேகத்துக்கே இடமில்லை. தம்பியின் வண்டியில் பிளக்குக்கு ஒரு காயில். ஒன்று மக்கர் செய்தாலும் மற்ற மூன்றும் இழுத்துக்கொண்டு ஓடும். நோயை வெளியே காட்டாது. எரியாத பெட்ரோல் புகைக்குழாய் வழியே வெளியேறும். 40 லிட்டரும் போன வழி அதுதான்.

பாய் ஒரு சின்ன ஸ்கேனரைச் செருகினார். பி0302 என்று காட்டியது. இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர். "உடனே காயில் மாத்திடலாமா பாய்?" என்றான் தம்பி.

"அவசரப்படாதீங்க தம்பி. பிளக்கா இருக்கலாம், வயரா இருக்கலாம், இன்ஜெக்டராவும் இருக்கலாம்."

எஞ்சின் ஆறும்வரை உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார். பிறகு பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றினார். காயிலின் கனெக்டரில் இருந்த லாக்கை அழுத்தி மெதுவாக உருவினார். ஒரு போல்ட். லேசாகத் திருகித் தூக்க, பேனா மாதிரி நீளமாகக் காயில் வெளியே வந்தது. இரண்டாவது காயிலை மூன்றாவதிலும், மூன்றாவதை இரண்டாவதிலும் மாட்டினார். ஸ்கேனரில் பழைய பதிவை அழித்தார். "லோடு இருக்குல்ல? ஏத்தத்துல ஒரு நடை போயிட்டு வாங்க."

போய் வந்தோம். இப்போது பி0303.

"பாத்தீங்களா? காயில் போன இடத்துக்குக் கோளாறும் கூடவே போயிருச்சு. அப்ப காயில்தான்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. இதே பரிசோதனையை நாங்களும் செய்திருந்தோமே! டிரைவரை மாற்றினோம். கோளாறு டிரைவரோடு போகவில்லை. வண்டியிலேயே இருந்தது. என்ன, பாய் மாற்றிப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். நாங்கள் தீர்ப்புச் சொல்லிவிட்டு மாற்றிப் பார்த்தோம்.

காயிலின் ரப்பர் உறைக்குள் இருந்த ஸ்பிரிங் துருப்பிடித்திருந்தது. "எஞ்சினை வாட்டர் சர்வீஸ் பண்ணுனீங்களா?" என்றார் பாய். தம்பி என்னைப் பார்த்தான். ஆயுத பூஜைக்கு முதல் நாள், எஞ்சின் பளபளவென்று இருக்கணும் என்று அவனேதான் பக்கத்தில் நின்று தண்ணீர் அடிக்கச் சொல்லியிருக்கிறான். பீய்ச்சிய தண்ணீர் பிளக் குழிக்குள் இறங்கியிருக்கிறது. அப்புறம் சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம் எல்லாம் வைத்திருக்கிறார்கள்.

புதுக் காயில் ஒன்றுதான் மாற்றினார். பிளக்குகள் தேய்ந்திருந்ததால் நாலும் புதுசு. பிளக்கை முதலில் கையாலேயே திருகி, கடைசியில்தான் ஸ்பேனர் வைத்தார். "அலுமினிய ஹெட்டு. மரை போச்சுன்னா பெரிய செலவு." கிளம்பும்போது, "மஞ்ச லைட்டு விட்டு விட்டு எரிஞ்சா வண்டியை ஓரங்கட்டிடுங்க. எரியாத பெட்ரோல் போய்ப் போய்ப் புகைக்குழாய்ல இருக்கிற கன்வெர்ட்டரையே சுட்டுரும்" என்றார். பையன் இரண்டு தடவை சொன்ன லைட்.

பி.காமில் ஒரு பாடம் உண்டு. இருப்பாய்வு சமன் ஆகவில்லையா? வித்தியாசத்தை யார் தலையிலும் கட்டாதே. பிழை தெரிகிற வரைக்கும் அனாமத்துக் கணக்கில் வை. பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன் நான். அன்றைக்கு அந்த 40 லிட்டரை அனாமத்தில் வைத்திருக்க வேண்டும். ஒரு பையன் பேரில் பற்று எழுதிவிட்டேன். நம்பர் பொய் சொல்லவில்லைதான். நம்பர் அவன் பேரையும் சொல்லவில்லையே.

சாயங்காலம் இரண்டு பேரும் அவன் வீட்டுக்குப் போனோம். நிறுத்தி வைத்த சம்பளத்தையும் போனஸையும் தம்பி கொடுத்தான். வாங்கிக்கொண்டான்.

"எந்த சிலிண்டர்ணே?" என்று கேட்டான்.

"ரெண்டாவது."

"ஏத்தத்துல உதறுதுன்னு சொன்னேன்ல..." என்றான். திங்கட்கிழமை வேலைக்கு வருவதாகச் சொன்னான். அவன் அம்மாதான் வாசல்வரை வந்தார்.

"வேலை இன்னொரு இடத்துல கிடைக்கும் தம்பி. எங்கெங்க திருடன்னு சொன்னீங்களோ, அங்கெல்லாம் போயி இல்லைன்னு சொல்லிடுங்க."

மறுநாள் காலை டீக்கடையில், எல்லோரும் இருக்கிற நேரமாகப் பார்த்துத் தம்பி சொல்லிவிட்டான். ஆனால் நோட்டைக் காட்டித் தீர்ப்பு எழுதியது நான். எனக்கு இருக்கிற டீக்கடை இந்தப் பக்கம்தான். அதனால் இங்கே சொல்கிறேன்: அந்தப் பையன் ஒரு சொட்டுப் பெட்ரோல்கூட எடுக்கவில்லை.