சென்ற வழியும் வந்த வழியும்

ஒரு நாடு எவ்வாறு வளர்ந்தது என்பதை அறிய விரும்புவோர் அதன் தலைநகரைக் கண்டால் மட்டும் போதாது. சிற்றூர்களுக்குச் செல்லும் வழிகளையும் காணவேண்டும். வண்டித் தடமாய்க் கிடந்த வழி எப்போது சாலையாயிற்று, அச்சாலையில் யார் யார் சென்றனர், யார் செல்ல இயலாமல் வீட்டிலேயே நின்றனர் என்பவற்றில் மக்களின் வரலாறு அடங்கியிருக்கிறது. அவ்வரலாற்றை நன்கு உணரக்கூடியவர் இளமையில் ஊரை விட்டுச் சென்று முதுமையில் திரும்பி வருபவரே. உடனிருந்து பார்ப்பவர்க்குச் சிறிது சிறிதாகத் தோன்றும் மாற்றம், அவருக்கு ஒரே நாளில் முழுவதும் புலப்படும்.

வேடந்தாங்கலில் பிறந்து, 1963ஆம் ஆண்டில் பிலாய் எஃகு ஆலைக்கு வேலை தேடிச் சென்றவர் ஒருவர். இடையில் திருமணத்திற்கும் இறப்பிற்குமாகச் சிலமுறை ஊருக்கு வந்து சென்றார். பின்னர் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அவரால் வர இயலவில்லை. எண்பது வயதை நெருங்கிய நிலையில், தம் தமக்கையாரைக் காணும் ஆவலால், ஒரு தைத் திங்களில் அவர் புறப்பட்டு வந்தார்.

அவர் ஊரை விட்டுச் சென்ற வழி எத்தகையது? வேடந்தாங்கலுக்கு அருகிலுள்ள புகைவண்டி நிலையங்களுள் ஒன்று படாளம். ஊரிலிருந்து அது ஏழெட்டுக் கல் தொலைவு. காலை வண்டியைப் பிடிக்க வேண்டுமாயின் முன்னிரவிலேயே மாடுகளுக்குத் தீனி வைத்து, நள்ளிரவு கழிந்ததும் வண்டி பூட்டவேண்டும். வண்டியில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் கோணி விரித்து, கட்டுச்சோற்று மூட்டையை ஓரத்தில் வைப்பர். வண்டியின் அடியில் ஒரு சிறு விளக்கு ஆடிக்கொண்டே வரும். மாடுகள் வழியறிந்தவை, ஓட்டுபவர் கண்ணயர்ந்தாலும் அவை தடம் மாறுவதில்லை. எனினும், ஐப்பசி கார்த்திகை மழையில் ஏரிகள் நிரம்பிக் கலங்கல் வழிந்தால் வழியே மறைந்துவிடும். அந்நாள்களில் ஊர் ஒரு தீவாக மாறும். மருத்துவர் வேண்டுமென்றாலும், மகப்பேற்று வலி கண்டாலும், வெள்ளம் வடியும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. காத்திருந்தவர்களுள் சிலர் மீண்டதில்லை.

படாளத்தில் ஏறினால் பாலாற்றுப் பாலத்தைக் கடந்து, செங்கற்பட்டில் கொளவாய் ஏரியை ஒட்டிச் சென்று, தாம்பரம் வழியாக எழும்பூரை அடையலாம். தென்னிந்திய இரயில்வேயின் இக்குறுகிய பாதை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமைந்தது. சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே 1931ஆம் ஆண்டிலேயே மின்சார வண்டிகள் ஓடத் தொடங்கின. ஆனால், தாம்பரத்திற்குத் தெற்கே நெடுங்காலம் நிலக்கரிப் புகையே ஆட்சி செலுத்தியது. சென்னைக்குச் சென்று திரும்பியவரை அவர் சட்டையில் படிந்த கரியைக் கொண்டே ஊரார் அறிந்துகொள்வர்.

பேருந்துகள் இல்லாமலில்லை. இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் அரிதாயிற்று. அப்போது வண்டியின் பின்புறத்தில் கரி உலையை அமைத்து, அதிலிருந்து எழும் வாயுவால் பேருந்துகளை ஓட்டினர். உலையை மூட்டிச் சுழற்றுவதற்கே நெடுநேரம் ஆகும். மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்கி நிற்கும். போர் முடிந்து பல ஆண்டுகளுக்குப் பின்னரும் முதியோர் அவ்வண்டிகளைப் பற்றிச் சொல்லிச் சிரிப்பதுண்டு.

இனி, பெரியவர் திரும்பி வந்த வழியைக் காண்போம். சென்னையின் தென்னெல்லையில் உள்ள கிளாம்பாக்கத்தில் 2023ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 30ஆம் நாள் ஒரு பெரிய பேருந்து முனையம் திறக்கப்பட்டது. அங்கே தெற்கு நோக்கி அணிவகுத்து நின்ற பேருந்துகளைக் கண்டு அவர் வியந்தார். அகன்ற நெடுஞ்சாலையில் வண்டி விரைந்தது. இருப்புப்பாதையும் அகலப்பாதையாக மாறியிருந்தது. மின்சார வண்டிகள் செங்கல்பட்டைக் கடந்து ஓடிக்கொண்டிருந்தன. பாலாற்றுப் பாலம் வந்ததும் அவர் சன்னல் வழியே மணற்பரப்பைக் காண எழுந்தார். எழுந்து நிற்பதற்குள் பாலம் முடிந்துவிட்டது. ஒரு மணி நேரம் கழிந்த சிறிது நேரத்தில் படாளம் கூட்டுச்சாலை வந்தது. முன்பு விடியல் முழுவதும் கடந்து வந்த ஏழெட்டுக் கல்லைச் சிற்றுந்து அரை மணிக்குள் கடந்தது.

ஊர்ப் பலகையில் மாவட்டத்தின் பெயரைக் கண்டார். அவர் சென்றபோது அது செங்கற்பட்டு மாவட்டம். 1997ஆம் ஆண்டில் அம்மாவட்டம் காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டாகப் பிரிந்தது. 2019ஆம் ஆண்டு நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து மீண்டும் செங்கல்பட்டு மாவட்டம் தோன்றியது. ஊர் இருந்த இடத்திலேயே இருக்க, அதன் முகவரி ஊர்சுற்றி வந்திருந்தது.

தமக்கையார் திண்ணையில் அமர்ந்திருந்தார். நலம் கேட்டு, நீர் அருந்தி, பழங்கதைகள் பேசத் தொடங்கியபோது பெரியவர் சொன்னார்: “அக்கா, எல்லாம் விரைந்து முடிந்துவிட்டது. வண்டியில் வந்த நாளில் ஒவ்வொரு மரமும் நமக்குத் தெரியும். எதிரே வரும் வண்டிக்காரர் எந்த ஊர், யார் மகன் என்று கேட்டறிவோம். இன்று என் அருகில் அமர்ந்தவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. அந்தப் பயணத்தின் இனிமை போய்விட்டதே!”

தமக்கையார் சிறிது நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு அமைதியாகக் கூறினார்: “தம்பி, அந்த வண்டி உன்னை மதுராந்தகத்தில் கொண்டுபோய் விட்டது. உறவினர் வீட்டில் தங்கி நீ உயர்நிலைப்பள்ளியில் படித்தாய். பெண்பிள்ளையை அயலூரில் தங்கவைக்க அப்பாவுக்கு மனம் வரவில்லை. நாள்தோறும் போய்வரவோ வழியில்லை. ஐந்தாம் வகுப்போடு என் புத்தகத்தைப் பரணில் வைத்தார்கள். உனக்கு இனித்த வழி எனக்கு மூடியிருந்தது.”

பெரியவர் தலைகுனிந்தார். அப்போது, தமக்கையாரின் பேத்தி தோளில் பையுடன் படியேறி வந்தாள். அவள் செங்கல்பட்டிலுள்ள அரசு கலைக் கல்லூரியில் பயில்பவள். காலையில் சென்று மாலையில் வீடு திரும்புகிறாள். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டுப் பெண்கள் கட்டணமின்றிச் செல்கின்றனர். அதனால், பேருந்துச் செலவைக் காட்டி அவள் படிப்பை நிறுத்தவேண்டிய நிலை அவ்வீட்டில் எழவில்லை. வண்டியில் போனவர்க்குத் தெரியாத வண்டியின் குறையை, வீட்டில் நின்றவர் அறிந்திருந்தார். ஒரு வழியின் பெருமையை அளக்க விரும்புவோர், அதில் செல்பவரின் இன்பத்தோடு, செல்ல முடியாமல் நின்றவரின் ஏக்கத்தையும் சேர்த்தே அளக்கவேண்டும் என்பதை அன்று அவர் உணர்ந்தார்.

மறுநாள் மூவரும் மாமல்லபுரத்திற்குப் புறப்பட்டனர். சிறுவயதில் பெற்றோருடன் இதே பயணத்தை அவர்கள் மாட்டு வண்டியில் மேற்கொண்டதுண்டு. போவதற்கே இரண்டு நாள். இடையில் திருக்கழுக்குன்றத்தில் இரவுத் தங்கல். அங்கே மலைமேல் நண்பகலில் இரண்டு கழுகுகள் வந்து, கோயிலார் அளிக்கும் உணவை உண்டு செல்வதைக் காண அந்நாளில் பெருங்கூட்டம் கூடும். அவை வெண்ணிற உடலும் மஞ்சள் முகமும் உடைய பாறுகள். சிறுவனாக அவர் அக்காட்சியைத் தந்தையின் தோள்மீதிருந்து கண்டிருக்கிறார்.

“கழுகுகளைப் பார்த்துவிட்டுச் செல்வோமா?” என்று அவர் கேட்டார்.

“அவை இப்போது வருவதில்லை, தாத்தா,” என்றாள் பேத்தி.

1990களின் இறுதியோடு அவற்றின் வருகை நின்றுபோயிற்று. அந்த ஆண்டுகளில் இந்தியா முழுவதிலுமே பிணந்தின்னிக் கழுகுகளின் தொகை பெரிதும் குறைந்தது. கால்நடைகளுக்குக் கொடுக்கப்பட்ட டைக்குளோஃபினாக் என்னும் வலிநீக்கி மருந்து, இறந்த கால்நடைகளின் உடல் வழியே கழுகுகளுக்கு நஞ்சாயிற்று என்பதை ஆய்வாளர் கண்டறிந்தனர். 2006ஆம் ஆண்டில் கால்நடை மருத்துவத்தில் அம்மருந்திற்கு இந்திய அரசு தடை விதித்தது. திருக்கழுக்குன்றத்திற்கு வரும் சாலைகள் இன்று அகன்றுள்ளன. மலைக்குப் படிகளும் உள்ளன. மக்கள் வருகின்றனர். வரவேண்டிய இரு பறவைகள் மட்டும் வருவதில்லை.

மாமல்லபுரத்தை நெருங்கியபோது பக்கிங்காம் கால்வாய் குறுக்கிட்டது. 1806ஆம் ஆண்டளவில் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே தோண்டத் தொடங்கிய இக்கால்வாய், பின்னர் வடக்கே ஆந்திரக் கடற்கரை வரையிலும், தெற்கே மரக்காணம் வரையிலும் நீண்டது. 1877-78ஆம் ஆண்டுகளின் கொடிய பஞ்சத்தின்போது, பசியால் வாடிய மக்களுக்கு வேலையளிக்கும் பொருட்டு இதன் பகுதிகள் வெட்டி இணைக்கப்பட்டன. அப்போது சென்னை ஆளுநராக இருந்த பக்கிங்காம் கோமகனின் பெயர் இதற்கு ஏற்பட்டது. வெட்டியவர்களின் பெயர்களைச் சொல்வார் இல்லை. உப்பும் விறகும் ஏற்றிய படகுகளைக் கரையில் நின்று கயிறு கட்டி இழுத்தும், நீண்ட கழிகளால் ஊன்றியும் செலுத்துவர். சென்னையிலிருந்து மாமல்லபுரத்துச் சிற்பங்களைக் காண விரும்பியோர் மாலையில் படகேறி, இரவு முழுவதும் படுத்துறங்கி, காலையில் வந்து சேர்வதும் அந்நாளைய வழக்கம். 1965, 1966ஆம் ஆண்டுகளின் புயல்கள் கால்வாயைப் பெரிதும் சிதைத்தன. சாலையும் இருப்புப்பாதையும் அதன் வேலையை எடுத்துக்கொண்டன. ஆயினும், 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபோது, இக்கால்வாய் பல இடங்களில் கடல்நீரைத் தன்னுள் வாங்கி அலையின் வேகத்தைத் தணித்தது. கைவிடப்பட்ட பழைய வழியும் ஒருநாள் உயிர் காக்க உதவும் என்பதற்கு இது சான்றாகும்.

இன்று சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக மாமல்லபுரத்திற்கு இரண்டு மணி நேரத்திற்குள் வந்துவிடலாம். கடற்கரைக் கோயிலின் முன் கூட்டம் நிறைந்திருந்தது. பலர் வந்தனர், நின்றனர், படம் எடுத்தனர், அடுத்த இடத்திற்கு விரைந்தனர். முன்னாளில் இரண்டு நாள் வண்டியில் வந்தவர்கள் ஒவ்வொரு சிற்பத்தின் முன்னும் அமர்ந்து, கதை சொல்லி, கதை கேட்டு, கட்டுச்சோறு உண்டு சென்றனர். வழியில் மிச்சமான நேரத்தை மக்கள் சேர்ந்த இடத்தில் செலவிடவில்லையே என்ற எண்ணம் பெரியவருக்குத் தோன்றியது. தமக்கையாரோ ஒன்றும் சொல்லாமல் மணலில் அமர்ந்து, பொழுது சாயும்வரை கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். விரைந்து வருவது வண்டியின் இயல்பு. வந்தபின் நின்று காண்பது மனிதர் கையில் உள்ளது.

அதற்கு அடுத்த நாள் மாலையில் அவர்கள் வேடந்தாங்கல் ஏரிக்கரைக்குச் சென்றனர். ஏறத்தாழ எழுபத்து மூன்று ஏக்கர்ப் பரப்புள்ள சிறிய ஏரி அது. நீரில் நிற்கும் கடப்ப மரங்களிலும் கருவேல மரங்களிலும் கிளைதோறும் கூடுகள் காணப்பட்டன. நத்தைக்குத்தி நாரைகளும், கூழைக்கடாக்களும், அரிவாள் மூக்கன்களும், கரண்டிவாயன்களும், நீர்க்காகங்களும் குஞ்சுகளுக்கு இரையூட்டிக்கொண்டிருந்தன. மத்திய ஆசியாவிலிருந்து மலைகளைக் கடந்து வரும் நீலச்சிறகிகளும் நீரில் மிதந்தன.

இப்பறவைகளின் பயணம் மாறவே இல்லை. மாட்டு வண்டிக் காலத்திலும், கரிவண்டிக் காலத்திலும், இன்றும் அவை அதே வானவழியில் வருகின்றன. அவ்வாறு வருவதற்கு இவ்வூரார் தொன்றுதொட்டுச் செய்துவந்த காவலே காரணம். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலப் படைவீரர்கள் இங்கே பறவைகளைச் சுட்டனர். அதைக் கண்டு மனம் பொறாத ஊரார், செங்கற்பட்டுப் பகுதியின் கலெக்டரான லயனல் பிளேசிடம் முறையிட்டனர். 1798ஆம் ஆண்டில் பறவைகளைக் காக்கும் உரிமையை அளிக்கும் கௌல் என்னும் உறுதிச்சீட்டைப் பெற்றனர். 1858ஆம் ஆண்டில் அதைப் புதுப்பித்துக்கொண்டனர். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை அவர்கள் அறிந்திருந்தனர். பயனும் பரிவும் ஒன்றாய்க் கலந்த காவல் அது. இன்றும் குஞ்சுகள் அஞ்சும் என்று தீபாவளியன்று வெடி வெடிக்காமல் இருப்பது இவ்வூர் வழக்கம். 2022ஆம் ஆண்டில் ராம்சர் உடன்படிக்கையின்கீழ் உலகச் சிறப்புவாய்ந்த ஈரநிலங்களுள் ஒன்றாக இவ்வேரி சேர்க்கப்பட்டது.

“அறுபது ஆண்டுகளில் எல்லாம் மாறிவிட்டன, இந்த ஏரி மட்டும் நான் விட்டுச் சென்றபடியே இருக்கிறதே!” என்றார் பெரியவர்.

தமக்கையார் சிரித்தார். “தானாக இருக்கவில்லை, தம்பி. நீ போன பிறகும் இங்கே நாங்கள் இருந்தோம்,” என்றார்.

கரையில் சுற்றுலா வந்த சிறுவர் சிலர் உரக்கக் கூவினர். பேத்தி அவர்களிடம் சென்று உதட்டில் விரல் வைத்துக் காட்டினாள். அவர்கள் அடங்கினர். மேற்கு வானிலிருந்து மற்றொரு பறவைக் கூட்டம் இரையுடன் வந்து, மரங்களின்மேல் ஒருமுறை சுற்றி, தத்தம் கூடுகளில் இறங்கியது.