ஈரம் காய்வதற்குள்

விழுப்புரம் சாலையில் மதகடிப்பட்டு, அங்கிருந்து வடக்கே போனால் திருக்கனூர், நடுவில் நெல்லும் கரும்பும். ஒரு ஊர் புதுச்சேரி என்றால் அடுத்த ஊர் தமிழ்நாடு என்று பின்னிக் கிடக்கும் எல்லை. மண்ணாடிப்பட்டு கொம்யூனின் இந்தப் பக்கத்தில் சவுண்ட் சர்வீஸ் போர்டைப் பார்க்காமல் போக முடியாது. வாசலில் டியூப் லைட் கட்டும் சீரியல் செட்டும், உள்ளே ஆம்ப்ளிஃபயரும் பாக்ஸும். அப்பா காலத்திலிருந்து நடக்கும் கடை என்றால் பரணில் இன்னொன்றும் இருக்க வாய்ப்புண்டு: தகரப்பெட்டியில் அடுக்கிய இசைத்தட்டுகள். தீமிதி, காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என எண்பதுகளில் கேசட் வந்து தள்ளும்வரை ஊரைக் கூட்டியவை இவைதான். பனைமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் சீர்காழி கோவிந்தராஜனின் விநாயகர் பாட்டு ஒலித்தால் விசேஷம் தொடங்கிவிட்டதென்று பக்கத்து ஊருக்கும் தெரியும். அந்தத் தட்டுகள் இன்று அழுக்கேறிக் கிடக்கின்றன. அவற்றைக் கழுவ உறிஞ்சும் மெஷின்தான், அதாவது வேக்குவம் மெஷின்தான் ஏற்றது. அதை வீட்டுக்கு ஒன்று என்று வாங்காமல் கொம்யூனுக்கு ஒன்றாக வைத்து, சவுண்ட் சர்வீஸ் நடத்தும் செட்காரர்களின் கையில் கொடுக்க வேண்டும். இதுவே என் வாதம்.

முதலில் அழுக்கு எப்படிப்பட்டது என்பதைப் பார்க்க வேண்டும். ஒரு எல்.பி. தட்டின் பள்ளம் மேல்விளிம்பில் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு அகலம்தான் இருக்கும். ஒரு பக்கம் இருபது நிமிடம் ஓடுகிறது என்றால், சுருண்டு கிடக்கும் அந்தப் பள்ளத்தை நீட்டினால் 400 மீட்டருக்கு மேல் வரும். அத்தனை தூரமும் முள் அதற்குள் உரசிக்கொண்டே போகிறது. அதில் விழுவது வெறும் தூசு என்றால் ஊதிவிடலாம். களத்துமேட்டுத் தூசு, ஊதுவத்திப் புகை, பந்தலில் சாம்பிராணி, தட்டை மாற்றிய விரல்களின் எண்ணெய்ப்பசை எல்லாம் சேர்ந்து பள்ளத்தின் சுவரில் அப்பிக்கொள்கின்றன. பிறகு ஐப்பசி, கார்த்திகை மழை. காகித உறை ஈரத்தை இழுக்கிறது. விரல்பசையையும் காகிதத்தையும் தின்று பூஞ்சை வளர்கிறது. டியூப் லைட்டுக்குக் கீழே தட்டைச் சாய்த்துப் பிடித்தால் மேலே வெள்ளைப் புள்ளிகளாகத் தெரிவது அதுதான். பழைய செட்காரர்கள் தட்டை எடுக்கும் விதத்தைக் கவனித்தால் ஒன்று புரியும். விளிம்பு உள்ளங்கையின் அடியில் பட, விரல் நுனிகள் நடுவிலுள்ள லேபிளில் முட்ட, பள்ளத்தில் விரலே படாமல் ஒற்றைக் கையால் எடுத்துத் திருப்புவார்கள். யாரும் அவர்களுக்குப் பாடம் எடுத்ததில்லை. ஒரு ராத்திரியில் நூறு முறை தட்டு மாற்றிய கை தானே கற்றுக்கொண்ட பழக்கம். இந்தக் கை இருக்கும்போது மெஷினை வேறு எவரிடமோ கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

துணியால் துடைத்தால் போதாதா என்பார்கள். பெரும்பாலான தட்டுகளில் நடந்தது அதுதான். துண்டின் முனையால் துடைக்கும்போது மேலே தெரியும் தூசு போகிறது, பள்ளத்துக்குள் இருப்பது இன்னும் அழுத்தமாக உட்காருகிறது. கூடவே உரசலில் தட்டு மின்னூட்டம் பெற்று, துடைத்த அடுத்த நிமிடமே காற்றிலுள்ள தூசை இழுக்கிறது. குழாயடியில் சோப்பு போட்டுக் கழுவுவது அதைவிட மேல், மறுக்கவில்லை. ஆனால் அங்கேயும் ஒரு சிக்கல் இருக்கிறது. தண்ணீர் அழுக்கைக் கரைத்து மிதக்கவிடும், வெளியே கொண்டுபோகாது. தட்டைச் சாய்த்து உலரவைத்தால் தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், கரைந்த அழுக்கு பள்ளத்தின் அடியிலேயே படிந்துவிடும். போர் தண்ணீராக இருந்தால் அதன் உப்பும் சேர்ந்துகொள்ளும். புது எவர்சில்வர் தட்டில் கழுவிய தண்ணீர் காய்ந்தால் வட்டம் வட்டமாக நிற்குமே, அந்தக் கறை முள் போகும் பாதையில் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக, கழுவுவதில் முக்கியமான வேலை நனைப்பதோ தேய்ப்பதோ இல்லை. அழுக்குத் தண்ணீர் காய்வதற்குள் அதை வெளியே எடுப்பதே. உறிஞ்சும் மெஷின் இருப்பது இந்த ஒரு வேலைக்காகத்தான், அதைத் தேர்ந்தெடுக்கும்போதும் இந்த ஒன்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இந்த யோசனைக்கு அறுபது வருட வரலாறு இருக்கிறது. லண்டனிலிருந்து வந்த 'கிராமபோன்' இதழின் தொழில்நுட்ப ஆசிரியர் பெர்சி வில்சன் அறுபதுகளில் இதற்கு வழி காட்டினார். 1969இல் கீத் மாங்க்ஸ் அதை விற்பனைக்கான மெஷினாக ஆக்கினார். பி.பி.சி. போன்ற பெரிய இசைத்தட்டு நூலகங்கள் அதைப் பயன்படுத்தின. அதன் அமைப்பு அழகானது. கை ஒன்று லேபிள் பக்கத்திலிருந்து விளிம்பை நோக்கி மெல்ல நகரும். அதன் முனையில் சிறு துளை, துளைக்கும் தட்டுக்கும் இடையில் ஒரு நைலான் நூல். நூல் தன் உருளையிலிருந்து நகர்ந்துகொண்டே இருப்பதால் பள்ளத்தில் எப்போதும் புதிய நூல்தான் படும், ஒரு தட்டின் அழுக்கு இன்னொன்றுக்குப் போகாது. எண்பதுகளின் தொடக்கத்தில் அமெரிக்காவின் வி.பி.ஐ. கொண்டுவந்த வகை வேறு: நீளமான பிளவு வெட்டிய குழாய் ஒன்று தட்டின் மேல் குறுக்கே படுத்துக்கொள்ளும், பிளவின் இரு பக்கமும் வெல்வெட் பட்டை. தட்டு இரண்டு சுற்று சுற்றுவதற்குள் ஒரு பக்கம் முழுவதும் உலர்ந்துவிடும். நூல் வகை நுணுக்கமானது, மெதுவானது, விலை மிக அதிகம். குழாய் வகை வேகமானது, எளிமையானது. அதன் பலவீனம் வெல்வெட் பட்டை. அதைக் கழுவாமல் விட்டால் போன தட்டின் மண்ணையே அடுத்த தட்டில் தேய்க்கும். இங்கே குழாய் வகையே பொருந்தும் என்பேன். வெல்வெட்டைத் திருக்கனூர் கடைத்தெருவில் வாங்கி ஒட்டிக்கொள்ளலாம். நூல் வகையின் உதிரி பாகத்துக்குக் கடல் தாண்டிக் காத்திருக்க வேண்டும்.

இப்போது அல்ட்ராசானிக் மெஷின் வந்துவிட்டதே, தண்ணீர்த் தொட்டியில் தட்டைச் சுற்றவிட்டு நுண்குமிழ்களால் அழுக்கை உதிர்க்கிறதே, அது இதைவிட மேலல்லவா என்பது வலுவான ஆட்சேபம். வினைல் தட்டுக்கு அது நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் உதிர்ந்த அழுக்கு தொட்டியில்தான் இருக்கிறது. வடிகட்டியும் தண்ணீரும் மாற்றாமல் ஓட்டினால் அதிலேயே தட்டை முக்கி எடுத்துக் காற்றில் காயவைக்கிறோம். அதனால்தான் அல்ட்ராசானிக் வைத்திருப்பவர்களில் பலர் கடைசியில் உறிஞ்சும் மெஷினிலும் ஒரு சுற்று விடுகிறார்கள். இதைவிடப் பெரிய காரணம் பரண் பெட்டிகளின் அடியில் இருக்கும் 78 சுற்றுத் தட்டுகள். கல்கத்தாவுக்குப் பக்கத்தில் டம்டம்மில் 1928இல் தொடங்கிய கிராமபோன் கம்பெனியின் ஆலை லட்சக்கணக்கில் அச்சடித்தவை. வினைல் இல்லை, அரக்கு. அரக்கோடு கல்மாவும் கரியும் பஞ்சு இழையும் கலந்து அழுத்திய பண்டம் அது. நீண்ட நேரம் ஊறினால் உள்ளிருக்கும் கலவை ஈரத்தை இழுத்து மயிரிழை வெடிப்புகளை விரித்துவிடும், லேபிளும் கழன்று வரும். தச்சர்கள் கதவுக்குப் பிரெஞ்சு பாலிஷ் போட அரக்கைக் கரைப்பது எதில்? ஸ்பிரிட்டில். வினைலுக்கென்று விற்கும் பல கழுவு திரவங்களில் ஆல்கஹால் இருக்கிறது. அதை அரக்குத் தட்டில் ஊற்றினால் அழுக்கோடு பாட்டும் கரையும். உறிஞ்சும் மெஷினில் ஈரம் தட்டின் மேல் நிற்பது ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோதான், லேபிளும் நனையாது. இரண்டு வகைத் தட்டும் கலந்து கிடக்கும் பெட்டிக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை. மெஷின் வாங்கும்போது பத்து அங்குலத் தட்டுக்கும் ஏழு அங்குல ஈ.பி.க்கும் தனி உறிஞ்சு குழாய் கிடைக்குமா என்று கேட்க மறக்கக் கூடாது. பன்னிரண்டு அங்குலக் குழாயைச் சின்னத் தட்டில் வைத்தால் பாதிப் பிளவு வெளியே நீட்டிக்கொண்டு வெறும் காற்றை இழுக்கும்.

பாட்டெல்லாம் போனிலேயே கிடைக்கிறது, கழுவி என்ன ஆகப்போகிறது என்ற கேள்வியைத்தான் அதிகம் கேட்கலாம். சினிமாப் பாட்டில் பெரும்பகுதி கிடைக்கிறது, உண்மை. ஆனால் பெட்டிகளில் இருப்பது அது மட்டுமா? நாடகத் தட்டுகள், கதாகாலட்சேபம், நாதஸ்வரத் தட்டுகள், ஊர் ஊராகப் போட்டுத் தேய்ந்த படக் கதை வசனத் தொகுப்புகள் என்று மறுபடி வெளிவராதவை எத்தனையோ. அடுத்து, கம்ப்யூட்டரிலேயே இரைச்சலை நீக்கிவிடலாமே என்பார்கள். இங்கேதான் நம் இசையே சாட்சி சொல்கிறது. 'டிக்' என்று கேட்கும் அழுக்குச் சத்தத்தை மென்பொருள் அடையாளம் காண்பது, அது திடீரென்று எழுந்து திடீரென்று அடங்குவதை வைத்து. தவில் குச்சி விழும் முதல் கணமும் அப்படித்தான் எழுகிறது; பறையின் சிண்டுக்குச்சி அடியும் அப்படித்தான். அழுக்கான தட்டில் நீக்கும் வேகத்தைக் கூட்டினால் தவிலின் கூர்மை மழுங்குகிறது. குறைத்தால் பொரியும் சத்தம் அப்படியே நிற்கிறது. அழுக்கைத் தண்ணீரில் எடுத்துவிட்டால் மென்பொருளுக்கு ஊகிக்க வேண்டிய வேலை குறையும். ஒலி ஆவணக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கமான இயாசாவின் வழிகாட்டியும் டிஜிட்டல் ஆக்குவதற்கு முன் கழுவுவதைத்தான் சொல்கிறது. பொரியும் சத்தத்தில்தான் பழமையின் ருசி என்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: பாடியவர் அந்தச் சத்தத்தோடு பாடவில்லை.

கழுவினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. குழாய் ஸ்பீக்கர் காலத்தில் முள் துள்ளாமல் இருக்க, அதைத் தாங்கும் கையின் மேல் காசு வைப்பார்கள். அந்தப் பாரத்தோடு தேய்ந்த முள்ளும் சேர்ந்தால் பள்ளத்தின் சுவரையே உழுதுவிடும். பொரிவது அழுக்கு, கழுவினால் போகும். குரல் உச்சத்துக்குப் போகும்போது கரகரவென்று உடைந்தால், அதுவும் தட்டின் உட்பகுதியில் அதிகமாக உடைந்தால், அது தேய்மானம். எந்த மெஷினாலும் திரும்பாது. இதைப் பிரித்தறியக் காது வேண்டும், அதுவும் செட்காரர்களிடம் இருக்கிறது.

விலைதான் கடைசித் தடை. இறக்குமதி மெஷின்கள் வரியோடு சேர்த்தால் ஒரு சிறு கடையின் சக்திக்கு மீறியவை. ஆனால் குழாய் வகையின் உட்கரு எளிமையானது: மெதுவாகச் சுற்றும் ஒரு தட்டுமேடை, பிளவு வெட்டி வெல்வெட் ஒட்டிய பி.வி.சி. குழாய், ஈரத்தையும் இழுக்கும் வேக்குவம் கிளீனர். ஆம்ப்ளிஃபயரைப் பிரித்து மாட்டும் கைக்கு இது பெரிய வேலை இல்லை. ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது: தூசு மட்டும் இழுக்கும் சாதாரண கிளீனரில் தண்ணீர் போனால் மோட்டாருக்குள் இறங்கிக் கரண்ட் அடிக்கும், ஈரத்துக்கென்று செய்ததையே வாங்க வேண்டும், எர்த் சரியாக இருக்க வேண்டும். தண்ணீருக்குப் பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர் போதும், ஆசிட் கலக்காததுதானா என்று பார்த்து வாங்கினால் சரி. லிட்டருக்குச் சில துளி நனைப்பான் போதும். போட்டோ ஸ்டூடியோக்காரர்கள் பிலிமைக் கடைசியாக அலசும்போது சேர்த்தார்களே, அந்த வகை. ஷாம்பு வேண்டாம், அதன் வாசனைப் பொருள் பள்ளத்தில் தங்கும். பிரஷ்ஷைப் பள்ளத்தின் போக்கிலேயே ஓட்டி, ஒரு நிமிடம் ஊறவிட்டு உறிஞ்ச வேண்டும். பிறகு வெறும் டிஸ்டில்டு வாட்டர் விட்டு வேறொரு வெல்வெட் குழாயால் மறுபடி உறிஞ்ச வேண்டும். இரண்டு சுற்றுக்கு மேல் உறிஞ்சினால் காய்ந்த தட்டில் மின்னூட்டம் ஏறித் தூசு திரும்பி வரும். எங்கே நிறுத்துவது என்பது கைப்பழக்கம். ஈரத்தைக் காயவிடும் பக்குவம் இந்த ஊர்ப்பக்கத்துக்குப் புதிதில்லை; திருக்கனூரின் காகிதக்கூழ்க் கைவினைக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. அச்சிலிருந்து எடுத்த பொம்மை எந்த ஈரத்தில் எவ்வளவு நேரம் இருக்க வேண்டும் என்று அறிந்த கைகள் அவை.

ஒரு தட்டின் இரண்டு பக்கமும் கழுவி முடிக்கப் பத்து நிமிடம் ஆகும். ஒரு பெட்டியில் நூறு தட்டு இருந்தால் இரண்டு மூன்று நாள் வேலை. அதற்குப் பிறகு மெஷின் சும்மா கிடக்கும். ஆகவேதான் ஒரு கடைக்கு ஒன்று வீண், ஒரு கொம்யூனுக்கு ஒன்று போதும். கொம்யூன் பஞ்சாயத்தோ, கலை பண்பாட்டுத் துறையின் கிளை நூலகம் ஒன்றோ இடம் கொடுத்து, கழுவும் செட்காரருக்குத் தட்டுக்கு இவ்வளவு என்று கூலி வைத்தால் இது நடக்கும். அதுவரை பரணில் பெட்டி வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: துணியால் துடைக்காதீர்கள், ஸ்பிரிட் தொடாதீர்கள். தட்டுகளைப் படுக்கவைத்து அடுக்காமல், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் எடுத்து, புத்தகம் போல நிமிர்த்தி வையுங்கள்.